எடையைக் குறைக்கக் குளிர்சாதனத்தைக் கழற்றலாமா?

மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி தாங்காது என்பது வள்ளுவர் சொல்லித் தந்த எடைக் கணக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் அக்கணக்கை மறுமுனையிலிருந்து போடுகிறார்கள். ஏற்றியதை ஒவ்வொன்றாக இறக்கினால் வேகம் எவ்வளவு கூடும் என்பதே அவர்கள் கேள்வி. அப்படி அவர்கள் கழற்ற நினைக்கும் பொருள்களுள் ஒன்று குளிர்சாதனம். அதனால் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை ஒரு காரை முன்வைத்துப் பார்ப்போம்.

1989-ஆம் ஆண்டு சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், திறக்கும் கூரை, 1.6 லிட்டர் இயந்திரம். குதிரையும் வீரனும் ஓருடலாய் இயங்க வேண்டும் என்ற ஜப்பானியக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு தோஷிஹிக்கோ ஹிராய் தலைமையிலான குழு இதை உருவாக்கியது. இதன் இயந்திர ஆற்றல் ஏறத்தாழ 115 முதல் 120 குதிரைத்திறன்தான். 1,000 கிலோவுக்கும் சற்றுக் குறைவான எடையே இதன் உண்மையான பலம்.

எவ்வளவு மிச்சம்?

கார்க் குளிர்சாதனம் என்பது ஒரே கருவியன்று. இயந்திரத்தின் பக்கவாட்டில் கம்ப்ரசர், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர், டாஷ்போர்டுக்குள் ஆவியாக்கி, இவற்றை இணைக்கும் குழாய்கள், ஈரம் உறிஞ்சும் உலர்த்தி எனப் பல உறுப்புகள் உண்டு. எல்லாம் சேர்ந்து சுமார் 20 கிலோ வரும்.

ஓட்டுநரோடு காரின் எடை 1,050 கிலோ என்று கொள்வோம். அதில் 20 கிலோ என்பது 2 விழுக்காட்டிற்கும் குறைவு. விசை மாறாதபோது முடுக்கம் எடைக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பது நியூட்டன் விதி. எனவே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 9 விநாடி எடுக்கும் கார், இனி அதைவிட ஏறத்தாழ 0.17 விநாடி முன்னதாக எட்டும். கண் சிமிட்டும் நேரந்தான்! அந்தக் காரின் பெட்ரோல் தொட்டி 45 லிட்டர் கொள்ளும். தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பினாலே 17 கிலோ குறைந்துவிடும். அதற்குச் செலவே இல்லை.

"கம்ப்ரசர் இயந்திரத்தின் ஆற்றலைத் தின்கிறதே" என்று சிலர் கேட்பர். உண்மைதான், ஆனால் அது ஓடும்போது மட்டுமே. விசையை அணைத்ததும் மின்காந்தக் கிளட்ச் விலகிவிடும். உருளை மட்டும் வெறுமனே சுழலும். ஆகவே ஆற்றலைத் திரும்பப் பெற ஒரு பொத்தானே போதும்.

எனினும் வேறு நன்மைகள் உண்டு. குறையும் எடையில் பெரும்பகுதி காரின் முன்புறத்தைச் சேர்ந்தது. அதனால் வளைவுகளில் கார் சற்று இலகுவாகத் திரும்பும். கண்டென்சர் மறைக்காததால் ரேடியேட்டருக்கும் நல்ல காற்று கிடைக்கும். பந்தயத் தடத்தில் நெடுநேரம் ஓடும் காருக்கு இவை பயன்தரும்.

இழப்புகள்

குளிர்சாதனம் குளிர்ச்சியை மட்டும் தருவதில்லை. காற்றின் ஈரத்தையும் நீக்குகிறது. நம் நாட்டு அடைமழையில் முன்கண்ணாடி உள்ளே பனிமூடினால் அதைச் சட்டென்று தெளியச் செய்வது அதுவே. அது இல்லாவிட்டால் மழை இரவில் சாலையே தெரியாமல் போகலாம். இதை வசதிக் குறைவாக மட்டும் கருதிவிட முடியாது. இது உயிர்ப் பாதுகாப்பு.

வேலையிலும் சிக்கல்கள் உண்டு. எம்எக்ஸ்-5-இல் கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங் பம்பும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. கம்ப்ரசரை எடுத்தால் அளவு குறைந்த பெல்ட் மாட்ட வேண்டும். ஆவியாக்கியை எடுத்தால், காற்று தொடர்ந்து செல்ல அந்த இடத்தில் மாற்றுக் குழாய்ப்பெட்டி பொருத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது குளிர்பொருள். 1990-களின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டு மொன்ட்ரியல் உடன்படிக்கை வழி அது படிப்படியாக விலக்கப்பட்டது. பின்னர் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தாக்குவதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் அது புவியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு. ஆகவே குழாயைத் தளர்த்தி வாயுவைக் காற்றில் விடுவது பெருந்தவறு. அழுத்தத்தோடு பீறிடும் அது தோலையும் கண்ணையும் உறைபனிபோல் தாக்கவும் கூடும். உரிய கருவி உள்ள பட்டறையில் அதை உறிஞ்சி எடுத்த பிறகே திருகாணியில் கைவைக்க வேண்டும்.

கழற்றிய உறுப்புகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குழாய் முனைகளை உடனே அடைத்து வையுங்கள். இல்லையேல் உள்ளே ஈரம் புகும். பிறகு மாட்ட நினைத்தால் உலர்த்தியையேனும் புதிதாக வாங்க நேரும்.

முடிவாக, பந்தயத் தடத்திற்கென்றே ஒதுக்கிய காரானால் கழற்றலாம். குளிர்சாதனம் ஏற்கெனவே பழுதாகி, செப்பனிடக் கட்டுப்படியாகாத நிலையிலும் கழற்றுவது நியாயமே. ஆனால் நாள்தோறும் விரிவுரைக்குச் செல்லவும், விடுமுறையில் பெற்றோரை அழைத்துச் செல்லவும் உதவும் காரானால், 0.17 விநாடிக்காக அதை இழக்க வேண்டியதில்லை. முதலில் காரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். இறக்கி வைக்க வேண்டிய சுமை அங்கேயே கிடக்கலாம்!