தொண்டைக்குள் ஒரு பலூன்: அழுத்தம் எவ்வளவு?

வயிற்றில்தானே ஆபரேஷன், தொண்டை ஏன் வலிக்கிறது? பித்தப்பையை எடுத்துவிட்டு வார்டுக்கு வரும் பலர் கேட்கும் கேள்வி இது. முழு மயக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடுவதால் மூச்சை மெஷின்தான் பார்த்துக்கொள்கிறது. அதற்காக வாய் வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் டியூபைச் செலுத்துவார்கள். மயங்கிய பிறகு போட்டு, விழிக்கும் நேரத்தில் எடுத்துவிடுவதால் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

டியூபின் நுனிக்குச் சற்று மேலே ஒரு பலூன் உண்டு. சிரிஞ்சால் காற்றேற்றினால் உப்பி, மூச்சுக்குழாயின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். செலுத்தும் காற்று வெளியே கசியாது. இரைப்பையிலிருந்து மேலேறும் திரவம் நுரையீரலுக்குள் இறங்குவதும் பெருமளவு தடுக்கப்படும். பலூனின் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் சுவரின் மெல்லிய சவ்வுக்கு ரத்தம் சரியாகப் போகாது. தொண்டை வலி, குரல் கம்மல் வரலாம். அபூர்வமாக, புண்ணாகித் தழும்பு விழுந்து மூச்சுக்குழாயே சுருங்கிப்போவதும் உண்டு.

உள்ளே இருக்கும் பலூனோடு இணைந்து டியூபின் வெளிமுனையில் தொங்கும் குட்டிப் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து, "போதும்" என்று விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அனுபவசாலியின் விரலும் இதில் ஏமாறும் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். போதாக்குறைக்கு, மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு பலூனுக்குள் மெல்ல ஊடுருவும். தொடக்கத்தில் சரியாக இருந்த அழுத்தம் போகப்போக ஏறிவிடும். கைக்கடக்கமான ஒரு மேனோமீட்டரால் அளந்து, நடுவிலும் மறுபடி பார்த்தால் போதும். இதில் சிக்கனம் பார்க்க நியாயமே இல்லை.

டியூப் தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. வெளிவரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று காட்டும் கேப்னோகிராஃப்தான் அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி.

நோயாளி செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ஆடும் பல், பல்செட், பலத்த குறட்டை, முன்பு டியூப் போடச் சிரமப்பட்டது என எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பொதுவாக ஆபரேஷனுக்கு 6 மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டையும், 2 மணி நேரத்துக்கு முன்பே தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். "ஒரு வாய் காபிதானே" என்று பாலூற்றிக் குடித்துவிட்டால், அதையும் சொல்லிவிடுங்கள்.

தொண்டை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஒரு வாரத்துக்குப் பிறகும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.