கார் வானொலியில் இரைச்சலா? புதியது வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

காலையில் மின்னல் எஃப்எம் கேட்காமல் அப்பாவுக்கு கார் ஓடாது. சில மாதங்களாக அதில் 'உஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல். பட்டறையில் ரேடியோவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். இரைச்சல் போகவில்லை. கடைசியில் பார்த்தால், காரணம் இரவுச் சந்தையில் வாங்கிய கைப்பேசி சார்ஜர்!

உங்களுக்கும் இந்தத் தொல்லை இருந்தால், முதலில் இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வானொலியை மட்டும் போட்டுக் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் வந்தால் இஞ்சின் மீது பழி போட வேண்டாம். சார்ஜர், டேஷ்கேம், எல்இடி விளக்கு என நாமாக மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கைப்பேசியை எடுத்தால் போதாது, சார்ஜரையே பிடுங்க வேண்டும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அதனுள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுப் பாய்கிறது. மலிவான சார்ஜர்களில் அந்த அலைகளை அடக்கும் பாகங்கள் சரியாக இருப்பதில்லை. அவை ஏரியலில் ஏறிக்கொள்கின்றன.

இஞ்சின் ஓடும்போது மட்டும் சத்தம் வருகிறதா? எண்ணெய் மிதிக்க மிதிக்க 'ஙொய்ங்' என்று ஏறினால் அல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். 'டிக் டிக்' என்றால் ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்கள். பிறகு புளூடூத்தில் ஒரு பாட்டைப் போடுங்கள். அதிலும் சத்தம் கேட்டால் கோளாறு மின் ஒயரிலோ எர்த் ஒயரிலோ இருக்கும். எஃப்எம்மில் மட்டும் என்றால் ஏரியல் வழியாக வருகிறது. அல்டர்னேட்டர் சத்தத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் இருக்க வேண்டும். 12க்குப் பக்கத்திலேயே நின்றால் வானொலியை விடுங்கள், நடு ரோட்டில் காரே நின்றுவிடும்.

ஏரியலையும் மறக்க வேண்டாம். நம் ஊர் மழைக்குக் கூரையில் அதன் அடிப்பாகம் துருப்பிடித்து எர்த் விட்டுப்போகும். ஆண்ட்ராய்டு பிளேயர் மாற்றிய பிறகு எஃப்எம் மங்கிவிட்டதா? சில கார்களின் ஏரியலுக்குத் தனி மின் ஒயர் உண்டு; பொருத்தியவர் அதை இணைக்காமல் விட்டிருக்கலாம்.

காராக் நெடுஞ்சாலையிலோ தோட்டத்துப் பள்ளத்திலோ, தினமும் ஒரே இடத்தில் மட்டும் இரைந்தால் கார்மீது குற்றமில்லை. எஃப்எம் அலையை மலை மறைக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறைக்குப் போனால், "ரேடியோ கெட்டுப்போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சத்தம் எப்போது வருகிறது, எதைக் கழற்றினால் நிற்கிறது என்று சொல்லுங்கள். எங்கள் பழைய ரேடியோ இன்னும் ஸ்டோரில்தான் கிடக்கிறது, நல்ல நிலையில்.