சொர்க்கம் என்பது செத்த பிறகு மட்டும்தானா? பாறசாலை எல்லை சொல்லும் கதை

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போனால், களியக்காவிளை தாண்டியதும் பாறசாலை, அடுத்து நெய்யாற்றின்கரை. வழியெல்லாம் சர்ச்சுகள்: சி.எஸ்.ஐ., லத்தீன் கத்தோலிக்கம், மலங்கரை கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே. எல்லாவற்றிலும் சொர்க்கம் பற்றிய பேச்சு உண்டு. ஆனா அதற்கு அர்த்தம் ஒன்றுதானா?

இடமா, ஆட்சியா?

புராட்டஸ்டன்ட்டுகள் 'பரலோகம்' என்பார்கள், கத்தோலிக்கர்கள் 'விண்ணகம்' என்பார்கள். கேட்டதும் மேலே எங்கோ இருக்கும் இடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மத்தேயு 'பரலோக ராஜ்யம்' என்று எழுதும் இடங்களில், மாற்கும் லூக்காவும் 'தேவனுடைய ராஜ்யம்' என்கிறார்கள். கடவுளின் பெயரை நேரடியாகச் சொல்லத் தயங்கும் யூத வழக்கமே காரணம் என்பது பரவலான விளக்கம். அதாவது, பேச்சு கடவுளின் ஆட்சியைப் பற்றியது. பைபிளின் கடைசிப் புத்தகத்திலும் மனிதர்கள் மேலே போவதோடு கதை முடிவதில்லை. புதிய எருசலேம் நகரம் கீழே இறங்கி வருகிறது.

இந்த மண்ணில் என்ன நடந்தது?

1806இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் தோளை மூட அனுமதி இல்லை. கடவுள் முன் எல்லாரும் சமம் என்றால் தெருவில் மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்விதான் 1822இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்துக்கு வலு சேர்த்தது. இந்து நாடார் பெண்களும் அதில் நின்றார்கள். 1859 ஜூலை 26 அன்று மேலாடைக்கு அனுமதி வந்தது. உயர்சாதிப் பெண்கள் போல மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு!

பின்னாளில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய அறுவை சிகிச்சை மருத்துவர் சோமர்வெல், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். பாறசாலை அருகே காரக்கோணத்தில் உள்ள சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது.

சபைக்குள் சமத்துவம் இருந்ததா?

முழுசா இல்லை. திருவிதாங்கூரின் தலித் தலைவர் பொய்கையில் யோஹன்னான், சபைகளுக்குள்ளும் சாதி இருப்பதைப் பார்த்து வெளியேறினார். அவர் தொடங்கிய அமைப்பு பிரத்யட்ச ரக்ஷா தெய்வ சபை. 'பிரத்யட்ச ரக்ஷா' என்றால் கண்முன்னே தெரியும் மீட்பு.

சரி, உங்களுக்கு என்ன?

"இங்கே பொறுத்துக்கோ, அங்கே கிடைக்கும்" என்று சொர்க்கத்தைச் சமாதானமாகச் சொன்னவர்களும் உண்டு. அங்கே இருக்கப்போகும் சமத்துவத்தை இங்கேயே கேட்டவர்களும் உண்டு. நீங்கள் விசுவாசியோ இல்லையோ, இன்று உங்கள் தோளில் இருக்கும் உடையை யாரும் கேள்வி கேட்பதில்லை என்றால், அதில் இரண்டாவது கூட்டத்துக்கும் பங்கு இருக்கிறது.