தேய்த்தாலே கொப்புளமா? மாய்ஸ்சரைசர் தேர்வில் கவனம்!

குளிப்பாட்டிய குழந்தைக்கு லோஷன் தேய்த்துவிடுவது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். சில குழந்தைகளுக்கோ அந்தத் தேய்ப்பே கொப்புளமாகிவிடும். காரணம், ‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா’ என்னும் மரபணு நோய். தோலின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்களில் குறை இருப்பதால், லேசான உராய்விலும் தோல் உரிந்துவிடுகிறது. இவர்களை ‘பட்டாம்பூச்சிக் குழந்தைகள்’ என்பார்கள். இது தொட்டால் பரவும் நோய் அல்ல.

மாய்ஸ்சரைசர் இந்த நோயைக் குணப்படுத்தாது. ஆனால், தோல் வறண்டால் அரிக்கும். சொறிந்தால் புதிய கொப்புளம் வரும். அதைக் குறைக்கத்தான் ஈரப்பதம் தேவை.

எதை வாங்கலாம்?

லோஷனில் தண்ணீர் அதிகம். ஈரம் சீக்கிரம் போய்விடும். பெட்ரோலியம் ஜெல்லி போன்ற ஆயின்ட்மென்ட்டில் சேர்மானங்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் எரிச்சல் தராது, உராய்வையும் குறைக்கும். ஆனால், கோடையில் அதைக் கனமாகப் பூசினால் சூடும் வியர்வையும் தங்கிவிடும். வெப்பத்தால் கொப்புளம் அதிகமாகும் குழந்தைகளுக்கு அப்போது க்ரீம் ஏற்றது.

லேபிளில் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘அன்சென்டட்’ என்றால் போதாது. வாடையை மறைக்கும் வாசனைப் பொருள் அதில் இருக்கலாம். சாலிசிலிக் அமிலம், லாக்டிக் அமிலம், யூரியா உள்ளவற்றை டாக்டர் சொல்லாமல் பூச வேண்டாம். புண்ணில் பட்டால் எரியும். சாலிசிலிக் அமிலம் புண் வழியே ரத்தத்தில் கலந்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. ‘ஹெர்பல்’ க்ரீம்களும் அலர்ஜி தரலாம்.

எப்படிப் பூசுவது?

* நகங்களை வெட்டி, மோதிரம், வளையலைக் கழற்றி, கைகளை நன்றாகக் கழுவுங்கள்.

* குளித்ததும் துண்டால் துடைக்காமல் மெதுவாக ஒற்றியெடுங்கள்.

* உள்ளங்கையில் வைத்து இளக்கி, தோலின் மேல் ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது.

* டப்பாவுக்குள் விரல் விட்டால் கிருமி சேரும். ட்யூப் அல்லது பம்ப் பாட்டில் நல்லது.

* புதிய க்ரீமை, புண் இல்லாத சிறிய இடத்தில் பூசி இரண்டு நாள் கவனியுங்கள்.

* ஆயின்ட்மென்ட் ஊறிய துணியும் கட்டும் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, பட்டாசு பக்கம் குழந்தையை விடாதீர்கள்.

கொப்புளம் பரவாமல் இருக்க, கிருமி நீக்கிய ஊசியால் நீரை வெளியேற்றி, மேல்தோலை அப்படியே விட்டுவிட வேண்டும். இதை டாக்டரிடமோ நர்ஸிடமோ நேரில் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குழந்தையைக் கொஞ்ச வரும் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லோரிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை பிட்டத்துக்குக் கீழே, இன்னொரு கை கழுத்துக்குப் பின்னால் என ஏந்தித் தூக்க வேண்டும்.