மின் வெள்ளத்திற்கு ஒரு கலிங்கு

ஏரியைக் கட்டிய நம் முன்னோர் கரையை உயர்த்தியதோடு நின்றுவிடவில்லை. பெருமழையில் மிகுந்து வரும் நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்குக் கலிங்கு ஒன்றையும் அமைத்தார்கள். வெள்ளத்திற்கு வழிவிடுவதே கரையைக் காக்கும் வழி என்பது அவர்கள் கண்ட உண்மை. மின்சார வெள்ளத்திற்கும் இது பொருந்தும்.

மாணவ நேயர்களே, நீங்கள் ஆய்வுக்கூடங்களில் கையாளும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தியை எடுத்துக்கொள்வோம். ‘ஆர்டுயினோ ஊனோ’ பலகையிலுள்ள ‘ஏடிமெகா 328பி’ என்னும் சிப்பு 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் சாதாரணக் கால்களில் மின்னழுத்தம் 5.5 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. பூஜ்யத்திற்குக் கீழே அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கவும் கூடாது. உள்ளேயுள்ள டிரான்ஸிஸ்டர்களின் காப்புப் படலம் சில நானோமீட்டர் தடிப்பே உடையது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

ஆனால், அக்கால்கள் வெளியுலகோடு தொடர்பு கொள்ள வேண்டியவை அல்லவா? மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அறிவிக்கும் நீண்ட கம்பி ஒன்று சிப்புக்கு வருகிறது என்று கொள்வோம். அருகே மின்னல் இறங்கினால் அக்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தோன்றக்கூடும். வறண்ட நாளில் நம் விரல்நுனியிலிருந்து பாயும் சிறு பொறியும் பல ஆயிரம் வோல்ட் உடையதே. சிப்பு உடனே பழுதாகிவிட்டால் காரணமாவது விளங்கும். சில வேளைகளில் காப்புப் படலம் ஊனமுற்ற நிலையிலேயே கருவி இயங்கிக்கொண்டிருந்து, வாரங்கள் கழித்து ஓய்ந்துவிடும்.

இதற்குக் காவல் என்ன? இரண்டு காவலர் உளர். முதல்வர் வாயுக் குழல். ஏறத்தாழ 90 வோல்ட் வந்ததும் உள்ளிருக்கும் வாயு மின்கடத்தியாகி, ஆயிரக்கணக்கான ஆம்பியரையும் தரைக்குச் செலுத்திவிடும். வலிமை மிக்கவர், ஆனால் விழித்தெழச் சற்றுத் தாமதமாகும். மற்றவர் டி.வி.எஸ். டையோடு. இவர் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்குள் விழித்துக்கொள்வார். எனினும் நெடுநேரம் சுமை தாங்கார்.

ஆகவே, வலியவரை வாயிலிலும் விரைந்தவரைச் சிப்பின் அருகிலும் நிறுத்துகிறோம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இருவரையும் வெறுங்கம்பியால் இணைத்தால், டையோடு மின்னழுத்தத்தை 10 வோல்ட் அளவிலேயே பிடித்து நிறுத்திவிடும். வாயுக் குழலுக்கு வேண்டிய 90 வோல்ட் வாராது. மெலியவரே முழுச் சுமையையும் ஏற்று மாய்வார். இடையே 10 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், 8 ஆம்பியர் ஓடும்போது அதன்மீது மட்டும் 80 வோல்ட் விழும். குழலில் 90 வோல்ட் சேர்ந்து, வலியவர் விழித்துக்கொள்வார்.

டையோடு விட்டுவைத்த 10 வோல்ட்டும் சிப்புக்கு மிகுதியே. அதனால் கால்முனைக்கு முன் 10,000 ஓம் மின்தடை ஒன்று வேண்டும். எஞ்சிய நாலரை வோல்ட் அதன் வழியே அரை மில்லியாம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே செலுத்தும். அச்சிறு மின்னோட்டத்தைச் சிப்பினுள் அமைந்த காவல் டையோடுகள் தாங்கிக்கொள்ளும்.

கலிங்கு இருந்தும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயனில்லை. காவலரைத் தரையோடு இணைக்கும் கம்பி குட்டையாக இருத்தல் வேண்டும். 10 சென்டிமீட்டர் கம்பிதானே என்று எண்ணாதீர்கள். நிலைமின் பொறியில் மின்னோட்டம் ஒரு நானோ வினாடியில் 30 ஆம்பியர் வரை உயரக்கூடும். அவ்வேகத்தில் அச்சிறு கம்பியின் தூண்டலே ஏறத்தாழ 3,000 வோல்ட்டை உண்டாக்கும். டையோடு செம்மையாக இருந்தும் சிப்பு எரிந்துபோவதற்கு இது ஒரு காரணம்.

நேரடியாக இறங்கும் இடியை இவ்வமைப்பு தாங்காது. அதற்குக் கட்டடத்தின் இடிதாங்கியே துணை; மேகம் திரளும்போதே கம்பியைக் கழற்றிவைப்பது அதனினும் நன்று. மற்ற எழுச்சிகளுக்கெல்லாம் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: “இந்த மின்னோட்டம் எவ்வழியே தரையை அடையும்?” வரைபடத்தில் அவ்வழியை விரலால் தொடர்ந்து காட்ட இயலுமாயின் உங்கள் சிப்பு பிழைக்கும். இயலாவிடில், வெள்ளம் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும்.