ஆடு கூட தொடாத செடி.. அதைத் தின்று வளரும் பட்டாம்பூச்சி! சிவப்பு நிறத்தின் ரகசியம் என்ன?

தருமபுரி மாவட்டத்தில் ஒகேனக்கல், பென்னாகரம், அரூர் பக்கம் போகிறவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். கறுப்பு இறக்கையில் ரத்தச் சிவப்புப் புள்ளிகள், சிவப்பு உடம்பு, வால் நீண்ட பின் இறக்கை. பெயர் கிரிம்சன் ரோஸ். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கும் பட்டாம்பூச்சி இது. அவசரமே இல்லாமல் மெதுவா பறக்கும். ஆனாலும் பறவைகள் பெரும்பாலும் இதைச் சீண்டுவதில்லை. ஏன்?

விஷம் எங்கிருந்து வருது?

இதன் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளின் இலைகளைத்தான் தின்னும். ஆடு கூட வாய் வைக்காது என்பதால்தான் அந்தப் பெயர். இந்தச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அந்த விஷம் போகாது.

சிவப்பு நிறம் எதற்கு?

விஷம் மட்டும் இருந்தால் போதாது. அது பறவைக்கு முன்கூட்டியே தெரியணும். ஒருமுறை கடித்துப் பார்த்து துப்பிய பறவை, அந்த நிறத்தை ஞாபகம் வைத்து அடுத்த முறை ஒதுங்கிவிடும்.

போலியும் இருக்கு!

கறிவேப்பிலை, எலுமிச்சை இலையில் வளரும் காமன் மார்மன் பட்டாம்பூச்சிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் பெண்களில் சில, அச்சு அசலாக கிரிம்சன் ரோஸ் மாதிரியே இருக்கும். இந்த வேஷத்துக்குக் காரணம் 'டபுள்செக்ஸ்' என்ற ஒரே மரபணு என்று 2014-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

எப்படி கண்டுபிடிப்பது? உடம்பைப் பாருங்க. சிவப்பாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் போலி.

மனிதர்களுக்கு ஆபத்தா?

பட்டாம்பூச்சியைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. செடி விஷயத்தில்தான் கவனம் தேவை. அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இவ்வகைச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-ல் வகைப்படுத்தியது. கைவைத்தியம் என்று இதை அரைத்துக் குடிக்க வேண்டாம்.

களைதானே என்று அழிக்கலாமா?

ஆடுதீண்டாப்பாளை வயல் ஓரத்தில் தானாக முளைக்கும். களைக்கொல்லி அடித்து மொத்தமாக அழித்தால் கிரிம்சன் ரோஸ் புழுவுக்கு சாப்பாடு இல்லை. அசல் குறைந்தால் பறவைகளுக்கு அந்த நிறத்தின் மீது பயமும் குறையும், போலியும் மாட்டிக்கொள்ளும். பயிருக்கு இடைஞ்சல் இல்லாத வரப்பு ஓரத்தில் நாலு செடியை விட்டு வைத்தாலே போதும்.