கடலுக்கு ஓர் அளவு, குளத்துக்கு ஓர் அளவு

புதுதில்லி: தமிழக பக்தர்கள் அலமேலுமங்காபுரம் என்றழைக்கும் திருச்சானூரில், கார்த்திகை பிரம்மோற்சவத்தின் ஒன்பதாம் நாள் பஞ்சமி தீர்த்தம். சக்கரத்தாழ்வார் பத்ம சரோவரத்தில் நீராடும் வேளையில் தாங்களும் முழுக வேண்டும் என்று பல்லாயிரக்கணக்கானோர் காத்திருக்கின்றனர். கடலில் அலை உண்டு, ஆற்றில் ஓட்டம் உண்டு; குளத்தில் இரண்டும் இல்லை. முழுகுவோர் உடலிலிருந்து சேர்வது அங்கேயே தங்கும்.

நீராடத் தகுந்த நீர் எது என்பதை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வரையறுத்தது. அதன்படி, மலக்கழிவைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லி லிட்டரில் 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, உச்சவரம்பு 2,500. ஆனால் குளியலுக்கும் நீர் விளையாட்டுகளுக்கும் உரிய கடல்நீருக்கு, 1998-இல் வெளியான அறிவிக்கை விதித்த அளவு வெறும் 100. கடலில் நீந்தும் வீரருக்குக் கிடைத்த கண்டிப்பு, குளத்தில் முழுகும் மூதாட்டிக்குக் கிடைக்கவில்லை.

அளவைவிட முக்கியமானது, அது மீறப்பட்டால் என்ன நடக்கிறது என்பது. சிங்கப்பூரில் 2025 ஜூலையில் நடந்த உலக நீச்சல் போட்டியில், சென்டோசா கடல்நீரின் பரிசோதனை முடிவு சரியில்லை என்பதால் மகளிர் 10 கி.மீ. போட்டி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பாரீஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் சேன் நதியின் நிலை காரணமாக ஆடவர் டிரையத்லான் ஒரு நாள் தள்ளிப்போனது. நமது அறிவிக்கையோ எண்களைச் சொல்கிறது. நீராடலை நிறுத்தும் பொறுப்பு யாருடையது என்று சொல்லவில்லை.

இதன் விளைவைப் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் பார்த்தோம். 2025 ஜனவரி 12, 13 தேதிகளில் எடுத்த மாதிரிகளைப் பற்றி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திடம் அறிக்கை அளித்தது பிப்ரவரி 3-ஆம் தேதி. மகர சங்கராந்தி, மௌனி அமாவாசை நீராடல்கள் அதற்குள் முடிந்துவிட்டன. பல சமயங்களில் நீர் குளிப்பதற்கான தரத்தில் இல்லை என்றது அந்த அறிக்கை. மார்ச் மாதம் மக்களவையில் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அளித்த பதிலில், நீர் நீராடத் தகுந்ததாகவே இருந்தது எனத் தெரிவிக்கப்பட்டது. அதற்கு ஆதாரம் வாரியத்தின் பிந்தைய அறிக்கை. அதில் கோலிஃபார்மின் இடைநிலை அளவு 1,400. மாதிரிகளில் பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ் என்பதே இதன் பொருள். 2,500-ஐத் தாண்டியவை எத்தனை என்பதை இந்த எண் சொல்லாது. எந்த பக்தரும் இடைநிலையில் முழுகுவதில்லை!

திதியை விளையாட்டுப் போட்டிபோல் தள்ளிவைக்க இயலாது என்பது உண்மையே. ஆனால் தீர்த்தத்தின் மகிமை நாள் முழுவதும் நீடிக்கும், பொறுமையாக நீராடலாம் என்று நெரிசலைத் தவிர்க்கத் திருமலை திருப்பதி தேவஸ்தானமே அறிவித்து வந்துள்ளது. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துக் கணக்கிட ஒரு நாளாவது தேவை. எட்டாம் நாள் தேரோட்டத்துக்கு முன்பே நீர் மாதிரி எடுத்தால், ஒன்பதாம் நாள் காலை முடிவைக் குளத்தின் வாசலில் எழுதி வைக்கலாம்.